காட்டை அப்படியே விட்டால் அரசு பணம் தருமா?

கேள்வி: நியூ ஜெர்சியின் எடிசனில் வசிக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் என் மைத்துனரும் சேர்ந்து நியூயார்க் மாநிலத்தின் டெலவேர் கவுண்டியில் 72 ஏக்கர் நிலம் வாங்கினோம். சுமார் 6 ஏக்கர் புல்வெளி, மற்றதெல்லாம் காடு. நிலத்தின் ஊடாக ஓடும் ஓடை, நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் தரும் பெபாக்டன் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. புல்வெளியில் பக்கத்துப் பண்ணைக்காரர் மாடு மேய்க்கிறார். ஆஷ் மரங்கள் பட்டுக்கொண்டு வருகின்றன. ஒரு மர வியாபாரி வீடு தேடி வந்து, வெட்டத்தக்க மரங்களை மொத்தமாக ஒரு தொகைக்குக் கேட்கிறார். இன்னொரு பக்கம், ஒரு நில அறக்கட்டளை கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் (நிலத்தைப் பிரிப்பது, கட்டுவது போன்ற உரிமைகளை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதித் தரும்படி கடிதம் அனுப்பியிருக்கிறது. தண்ணீரின் தரத்துக்காகவும் தனியார் காடுகளைக் காப்பதற்காகவும் அரசு நிதி தருகிறது என்கிறார்கள். சொத்து வரி கட்டவே திணறும் எங்களுக்கு அதில் எது கிடைக்கும்? பிற்காலத்தில் நிலத்தை இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுக்க எண்ணம். நியூயார்க் நகரம் நிலத்தை எடுத்துக்கொண்டுவிடும் என்று சிலர் பயமுறுத்தவும் செய்கிறார்கள்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் அதற்குள் இருக்கிறது.

நியூயார்க் நகரம் ஒரு நாளைக்குச் சுமார் 100 கோடி கேலன் தண்ணீர் பயன்படுத்துகிறது. அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு, கேட்ஸ்கில் மலைகளிலும் டெலவேர் ஆற்றின் மேற்பகுதியிலும் உள்ள ஆறு நீர்த்தேக்கங்களிலிருந்து, வடிகட்டும் ஆலை எதன் வழியாகவும் போகாமல், கிருமிநீக்கம் மட்டும் செய்யப்பட்டுக் குழாய்க்கு வருகிறது. 1989இல் வந்த கூட்டாட்சி விதியின்படி, மேற்பரப்பு நீரைக் குடிநீராக்குவோர் அதை வடிகட்டியாக வேண்டும், அல்லது நீர் வரும் நிலப்பரப்பே அந்தக் காவலைச் செய்கிறது என்று நிரூபிக்க வேண்டும். ஆலை கட்ட 600 முதல் 800 கோடி டாலர் வரை ஆகும் என்பது அன்றைய மதிப்பீடு. அதை இயக்கும் ஆண்டுச் செலவு தனி. அதைவிட மலையில் இருக்கும் பண்ணைக்காரர்களுக்கும் காட்டு உரிமையாளர்களுக்கும் ஊராட்சிகளுக்கும் பணம் கொடுத்து நீரைத் தொடக்கத்திலேயே தூய்மையாக வைத்திருப்பது மலிவு என்று நகரம் முடிவு செய்தது. 1993இல் வடிகட்டுவதிலிருந்து முதல் விலக்கு கிடைத்தது. 1997 ஜனவரியில் நகரம், மாநிலம், மத்திய அரசு, மலை ஊர்கள், சூழல் அமைப்புகள் எல்லோரும் சேர்ந்து ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்த உடன்படிக்கையில், நிலத்தை விற்க விரும்புகிறவரிடமிருந்து மட்டுமே நகரம் வாங்கலாம், கட்டாயக் கையகப்படுத்தல் கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறது. மலை மக்கள் இதைப் பிடிவாதமாக நின்று பெற்றதற்குக் காரணம் உண்டு. உங்கள் ஓடை போய்ச் சேரும் பெபாக்டன் நீர்த்தேக்கத்துக்கு அடியில், 1950களில் அப்புறப்படுத்தப்பட்ட நான்கு ஊர்கள் கிடக்கின்றன. அந்தப் பயம் இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. உங்கள் நிலத்துக்கு அதனால் ஆபத்து இல்லை.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். காட்டைச் சும்மா விட்டுவைப்பதற்காக மாதமோ ஆண்டோ ஒரு தொகை அனுப்பும் அரசுத் திட்டம் உங்களைப் போன்ற உரிமையாளருக்கு இல்லை. இருப்பவை மூன்று வகைப் பணம். நீங்கள் செய்யும் ஒரு வேலைக்குப் பங்காகத் தரும் பணம் ஒன்று. நீங்கள் கொடுக்கும் வாக்குறுதிக்காகக் குறைக்கப்படும் வரி இன்னொன்று. நீங்கள் நிரந்தரமாக விட்டுக்கொடுக்கும் உரிமைக்கு விலையாகவோ வரிச்சலுகையாகவோ வருவது மூன்றாவது. மூன்றும் நிலத்தைக் கட்டிப்போடும் விதம் வேறு வேறு. முதலாவது சில ஆண்டுகளில் முடிந்துவிடும், இரண்டாவது பத்தாண்டுக் கணக்கில் உருண்டுகொண்டே போகும், மூன்றாவது உங்கள் பேரப்பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் எதில் தொகை பெரிதோ அதிலிருந்து தொடங்க நினைக்கிறார்கள். நான் சொல்வது நேர் எதிர்: கட்டு தளர்வாக இருப்பதிலிருந்து தொடங்குங்கள், இறுக்கமானதைக் கடைசிக்கு வையுங்கள்.

செய்தித்தாளில் அடிபடும் பெரிய தொகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் மாசுக்கான கூட்டாட்சி நிதிகளில் முக்கியமானது, சுத்த நீர்ச் சட்டத்தில் 1987இல் சேர்க்கப்பட்ட 319ஆம் பிரிவின் மானியம். ஆலைக் குழாயிலிருந்து வராமல் வயலிலிருந்தும் சாலையிலிருந்தும் காட்டுப் பாதையிலிருந்தும் பரவலாக வந்து சேரும் மாசைக் குறைப்பதற்கானது அது. ஆனால் அது மாநிலத்துக்குப் போய், அங்கிருந்து கவுண்டியின் மண், நீர்ப் பாதுகாப்பு அமைப்புகள் போன்றவற்றுக்குப் போகிறது. தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது. அதுபோலவே 1990 பண்ணைச் சட்டத்தில், தனியார் காடுகளைக் காப்பதற்காக உருவான ஃபாரஸ்ட் லெகசி திட்டத்துக்கு 2022ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டம் 70 கோடி டாலர் ஒதுக்கியது உண்மை. அதற்கு முன்பே 2020இல் வந்த சட்டம் நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு ஆண்டுதோறும் 90 கோடி டாலரை நிலைப்படுத்தியிருந்தது, ஃபாரஸ்ட் லெகசிக்கு வழக்கமாகப் பணம் வருவது அதிலிருந்துதான். ஆனால் அந்தத் திட்டத்தில் மாநிலங்கள் தங்கள் காடுகளை முன்மொழிந்து தேசிய அளவில் போட்டியிடுகின்றன. செலவில் அதிகபட்சம் 75 விழுக்காட்டை மத்திய அரசு தரும். பல நூறு, பல ஆயிரம் ஏக்கர் காடுகள் வரிசையில் நிற்கும் இடத்தில் உங்கள் 72 ஏக்கருக்குத் தனியாக இடம் கிடைக்காது. இதில் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

உங்களுக்கு எட்டும் பணம் அருகிலேயே இருக்கிறது. வால்டன் ஊரில் இயங்கும் வாட்டர்ஷெட் அக்ரிகல்ச்சுரல் கவுன்சில், நகரத்தின் பணத்திலும் அமெரிக்க வனச் சேவையின் உதவியிலும் காட்டு உரிமையாளர்களுக்கென்றே திட்டங்கள் நடத்துகிறது. காட்டை எப்படிப் பராமரிப்பது என்று எழுதிய மேலாண்மைத் திட்டம் வைத்திருப்பவர்களுக்குக் காட்டைச் செப்பனிடும் வேலைகளிலும் ஓடைக்கரை வேலைகளிலும் செலவைப் பகிர்கிறது. மரம் வெட்டும்போது மண் ஓடைக்கு வராமல் தடுக்கும் வேலைகளுக்கும் உதவுகிறது, ஓடையைக் கடக்க எடுத்துச் செல்லத்தக்க பாலங்களைக்கூட ஏற்பாடு செய்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் என்.ஆர்.சி.எஸ். (இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை) அலுவலகம் நடத்தும் ஈக்விப் என்ற செலவுப் பகிர்வுத் திட்டம் இரண்டாவது வாசல். 1996 பண்ணைச் சட்டத்தில் பிறந்த இந்தத் திட்டத்தில் தனியார் காடும் தகுதி பெறும். மதிப்பிட்ட செலவில் 75 விழுக்காடு வரை தருவார்கள். நிலத்தை நடத்தத் தொடங்கி 10 ஆண்டுக்கு மேல் ஆகாதவர்களுக்கு 90 விழுக்காடு வரை போகும், அதில் பாதியை முன்பணமாகக் கேட்கவும் முடியும். நீங்களும் மைத்துனரும் நிலத்தை நிறுவனத்தின் பெயரில் வாங்கியிருந்தால், அதன் உறுப்பினர்கள் எல்லோரும் இந்தத் தகுதிக்குள் வருகிறார்களா என்று பார்ப்பார்கள். மைத்துனருக்கு வேறெங்காவது பழைய பண்ணை நிலம் இருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஈக்விப்பில் ஒரு விதி பலரின் பணத்தைக் கைநழுவச் செய்கிறது. ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடுவதற்கு முன் தொடங்கிய வேலைக்குப் பணம் கிடையாது. விண்ணப்பம் கொடுத்துவிட்டோமே, அதிகாரி வந்து பார்த்தாரே, நல்ல வேலை என்று சொன்னாரே என்பதெல்லாம் கணக்கில் வராது. விண்ணப்பத்தை ஆண்டு முழுதும் வாங்குவார்கள், ஆனால் தரவரிசைப்படுத்தத் தனியாக ஒரு கெடுநாள் உண்டு. அதைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுதான். இன்னொன்று, இது வேலை முடிந்த பின் வரும் பணம். 2025 தொடக்கத்தில் கூட்டாட்சிப் பணம் நிறுத்திவைக்கப்பட்டபோது, கையெழுத்தான ஒப்பந்தத்தை நம்பிக் கைக்காசைப் போட்டு வேலையை முடித்திருந்தவர்களும் காத்திருக்க நேர்ந்தது. கடன் வாங்கி வேலையைத் தொடங்கும் நிலையில் நீங்கள் இருந்தால், முதல் ஆண்டு ஒரு சிறிய வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த வேலை? உங்கள் நிலத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் இந்த மலைகளில் இத்தகைய நிலங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மரம் வெட்டுவதால் மட்டும் ஓடை கலங்குவது குறைவு. வெட்டிய மரத்தை இழுத்து வர இயந்திரம் போட்ட பாதைதான் ஓடையைக் கலக்குகிறது. முந்தைய உரிமையாளர் காலத்து இழுவைப்பாதை ஒன்று உங்கள் காட்டிலும் சரிவில் நேராக இறங்கியிருக்கும். ஒரு பெருமழை நாளில் குடை பிடித்துக்கொண்டு அதன் அடியில் போய் நின்று பாருங்கள். இரு சக்கரத் தடங்களும் இரண்டு சிறு வாய்க்கால்களாக மாறி, காப்பி நிறத் தண்ணீரை ஓடைக்குள் கொட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கலங்கலில் வருவது மண் மட்டும் அல்ல, மண்ணோடு ஒட்டிய பாஸ்பரசும் வருகிறது. அது நீர்த்தேக்கத்தில் பாசியை வளர்க்கும். குளோரினும் புற ஊதாக் கதிரும் எட்டாதபடி மண்துகள் கிருமிகளை மறைத்துவிடும். வடிகட்டாத நீருக்குக் கலங்கல் 5 அலகைத் தாண்டக் கூடாது என்று கூட்டாட்சி விதி சொல்வது இதனால்தான். பாதையின் குறுக்கே சாய்வாக மண்மேடு போட்டு, தண்ணீரைத் துண்டு துண்டாகக் காட்டுத் தரைக்குத் திருப்பிவிடுவதே மருந்து. இங்கே இதை வாட்டர் பார் என்பார்கள். இயந்திரம் வைத்திருப்பவருக்கு ஓரிரு நாள் வேலை. அரசு கொடுக்கும் பணத்தில் தண்ணீருக்கு இவ்வளவு நேரடியாகப் பயன் தருவது வேறெதுவும் இல்லை என்பது என் கருத்து; மரக்கன்று நடும் படங்கள்தான் ஆண்டறிக்கையின் அட்டையில் வரும் என்பது வேறு விஷயம்.

புல்வெளியையும் மறக்க வேண்டாம். மாடுகள் ஓடையில் இறங்கித் தண்ணீர் குடிக்கின்றனவா? அப்படியானால் கரை இடிவதற்கும் சாணம் நேராக நீரில் சேர்வதற்கும் அந்த ஓர் இடமே போதும். ஓடையை ஒட்டிய பட்டையில் வேலி போட்டு, மரம் நட்டு, மாட்டுக்கு மேட்டில் தொட்டி வைத்து, அந்தப் பட்டைக்கு 10 முதல் 15 ஆண்டுக்கு வாடகை கொடுக்கும் கிரெப் என்ற திட்டம் 1998 முதல் இந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருக்கிறது. உங்கள் காட்டுக்கு அது பொருந்தாது, மேய்ச்சல் நிலத்துக்குப் பொருந்தலாம். சுவடு தெரியாமல் காலாவதியாகிப் பிறகு நீட்டிக்கப்படும் திட்டங்களில் இதுவும் ஒன்று என்பதால், இந்த ஆண்டு புதிய விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துப் பண்ணைக்காரரைக் கூடவே அழைத்துப் போங்கள். அவர் கவுன்சிலின் பண்ணைத் திட்டத்தில் ஏற்கெனவே இருந்தால் பாதி வேலை முடிந்தது. வெறும் நாற்று போதும் என்றால், மாநிலச் சூழல் பாதுகாப்புத் துறையின் ட்ரீஸ் ஃபார் ட்ரிப்ஸ் திட்டம் ஓடைக்கரைக்கு ஏற்ற நாட்டு மரக்கன்றுகளைத் தருகிறது.

சொத்து வரிச் சுமைக்கு மருந்தாக உங்களுக்கு எல்லோரும், காட்டு நிலத்துக்கு வரி விலக்குத் தரும் நியூயார்க் மாநிலத்தின் 480-ஏ சட்டத்தைச் சொல்லியிருப்பார்கள். தொடர்ச்சியான காடு 50 ஏக்கராவது இருக்க வேண்டும். உங்களுக்கு வீட்டு இடம் ஒதுக்கியது போக 60 ஏக்கருக்கு மேல் தேறும். வனவியலாளர் எழுதி மாநிலத் துறை ஒப்புக்கொண்ட மேலாண்மைத் திட்டம் இருந்தால், அந்தக் காட்டின் வரி மதிப்பில் 80 விழுக்காடு வரை விலக்கு கிடைக்கும். இவ்வளவும் சரிதான். எதிர்ப்பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் சான்றிதழை வரி மதிப்பீட்டாளரிடம் கொடுக்கும்போது, அந்த ஆண்டிலிருந்து 10 ஆண்டுக்குப் புதிதாக வாக்குக் கொடுக்கிறீர்கள். கொடுப்பதை நிறுத்தினாலும் கடைசியாகக் கொடுத்த வாக்கு ஓடி முடியும் வரை கட்டுப்பட்டிருக்க வேண்டும். திட்டத்தில் எழுதிய வேலைகளை, வெட்ட வேண்டிய ஆண்டில் வெட்டுவது உட்பட, செய்தாக வேண்டும். விற்கும் மரத்தின் மதிப்பில் 6 விழுக்காடு வரி உண்டு. சொந்த விறகுக்கு ஆண்டுக்கு 10 கார்டு (விறகை அளக்கும் அலகு) வரை மட்டும் விலக்கு. மீறினால், மிச்சம் பிடித்த வரியைப் போல இரண்டரை மடங்கு, பத்தாண்டு வரை பின்னோக்கிக் கணக்கிட்டு, வட்டியோடு வாங்குவார்கள்.

நிலத்தை இரண்டாகப் பிரித்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதால், உங்களுக்கு 480-ஏ வேண்டாம் என்பதே இப்போதைக்கு என் ஆலோசனை. பிரித்தால் இரு பங்கும் 50 ஏக்கருக்குக் கீழே போய்விடும். பிரிக்காமல் ஒரே நிறுவனத்தின் பெயரில் வைத்துப் பங்குகளை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்க இரு குடும்பமும் சம்மதித்தால் கதை மாறும். அப்போது இதே சட்டம் உங்களுக்கு மிகப் பொருத்தமானதாகிவிடும். ஆகவே முதலில் பேச வேண்டிய ஆள் வரி மதிப்பீட்டாளர் அல்ல, உங்கள் மைத்துனர்தான். அவர் எதிர்காலத்தில் அங்கே ஒரு வீடு கட்ட நினைக்கிறாரா, அவசரத்துக்குத் தன் பங்கை விற்க வேண்டியிருக்குமா என்பதை வெளிப்படையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் காகிதத்திலும் கை வைக்காதீர்கள். குடும்பத்துக்குள் இதைக் கேட்பது சங்கடம்தான். பின்னால் வழக்கறிஞரை வைத்துக் கேட்பது அதைவிடச் சங்கடம்.

அறக்கட்டளையின் கடிதத்துக்கு வருகிறேன். கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் என்றால் நிலம் உங்களுடையதாகவே இருக்கும். அதை மனைகளாகப் பிரிப்பது, குறிப்பிட்ட இடத்துக்கு வெளியே கட்டுவது போன்ற உரிமைகளை மட்டும் நீங்கள் நிரந்தரமாக விட்டுக்கொடுத்துப் பதிவு செய்கிறீர்கள். நிலத்தை யார் வாங்கினாலும் அது தொடரும். அறக்கட்டளை விலை தருவதாக எழுதவில்லை, தானமாகத்தான் கேட்கிறது என்று உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து புரிந்துகொள்கிறேன். தானமாகக் கொடுத்தால், நிலத்தின் மதிப்பில் குறையும் தொகையைக் கூட்டாட்சி வருமான வரியில் கழிக்கலாம். ஓர் ஆண்டு வருமானத்தில் பாதி வரை கழித்து, மீதியை அடுத்த 15 ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். 2015இல் இந்த ஏற்பாடு நிரந்தரமாக்கப்பட்டது. நியூயார்க் மாநிலம் அதற்கு மேல், அந்த நிலத்துக்கு நீங்கள் கட்டும் பள்ளி, கவுண்டி, ஊர் வரியில் 25 விழுக்காட்டை, ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மிகாமல், வருமான வரிக் கணக்கில் திருப்பித் தருகிறது. நீங்கள் நியூ ஜெர்சியில் குடியிருப்பதால் நியூயார்க்குக்குத் தனியாகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். இதை வரிக் கணக்காளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நல்ல சம்பளம் வாங்கும் ஒருவருக்கு இந்த விலக்கு கவர்ச்சியாகத் தெரியும். தெரியட்டும், ஆனால் இரண்டு ஆண்டுக்கு முன் வாங்கிய நிலத்தின் மதிப்பு அதற்குள் பல மடங்கு ஏறிவிட்டதாக ஒரு மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்தால் உடனே சந்தேகப்படுங்கள். ஈஸ்மென்ட் விலக்கைப் பங்குகளாகப் பிரித்து முதலீடு போல விற்ற கும்பல்களை வருமான வரித்துறை 2017 முதல் தீவிரமாகத் துரத்திவருகிறது. கூட்டு நிறுவனங்கள் இப்படிக் கோரும் விலக்குக்கு 2022இல் சட்டமே உச்சவரம்பு போட்டுவிட்டது. உங்களுக்குக் கடிதம் எழுதிய அறக்கட்டளை அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு மரியாதையாக ஒரு பதில் எழுதுங்கள்: மேலாண்மைத் திட்டம் தயாரானதும் பேசுகிறோம், எத்தனை வீட்டு இடங்களை ஒதுக்கிவைக்க அனுமதிப்பீர்கள், விறகும் மரமும் வெட்டும் உரிமை எங்களிடம் இருக்குமா, மேற்பார்வைச் செலவுக்கு எங்களிடம் நன்கொடை கேட்பீர்களா என்று. இந்த மூன்றுக்கும் அவர்கள் எழுத்தில் தரும் விடையைப் பார்த்தால் உங்களுக்கே பாதி தெளிந்துவிடும். அவசரம் எதுவும் இல்லை. ஈஸ்மென்ட் அடுத்த ஆண்டும் எழுதலாம், எழுதியதை அழிக்க முடியாது.

மேலாண்மைத் திட்டம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேனே, அது எங்கே கிடைக்கும் என்றால், மாநிலச் சூழல் பாதுகாப்புத் துறையின் வனவியலாளர் கேட்டால் இலவசமாக வந்து காட்டைப் பார்ப்பார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கச் சேவையில் பயிற்சி பெற்ற தன்னார்வக் காட்டு உரிமையாளர்களும் கட்டணமின்றி வருவார்கள். முழுத் திட்டத்தைத் தனியார் வனவியலாளர் எழுதினால் அதன் செலவுக்கும் ஈக்விப்பில் உதவி உண்டு. மரம் வாங்குகிறவரே இலவசமாக எழுதித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்த வியாபாரிக்கும் இப்போதைக்கு அதே பதில்தான். ஆஷ் மரத்தைத் துளைக்கும் மரகத வண்டு 2009இல் நியூயார்க் மாநிலத்துக்கு வந்தது. தாக்கிய மரம் சில ஆண்டுகளில் பட்டு, நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும் என்பதால் அவர் அவசரப்படுத்துவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மொத்தத் தொகைக்குக் கேட்கிறவர் கண் வைத்திருப்பது பெரும்பாலும் ஆஷின் மேல் அல்ல, அதன் பக்கத்தில் நிற்கும் பருத்த சர்க்கரை மேப்பிளின் மேல். உங்களுக்காக வேலை செய்யும் வனவியலாளர் ஒருவர் வெட்ட வேண்டிய மரங்களுக்கு மட்டும் வண்ணக்குறி போட்டு, மூடிய உறையில் விலை கேட்டு, பாதையில் வாட்டர் பார் போடுவதையும் வேலைக்குப் பிணைத்தொகை வைப்பதையும் ஒப்பந்தத்தில் எழுதினால், இதே வியாபாரியே அதிக விலை கொடுக்கக்கூடும். கவுன்சிலின் உதவியும் ஈக்விப் பணமும் வேண்டுமென்றால் அவற்றுக்கான ஒப்பந்தங்கள் இதற்கு முன் கையெழுத்தாகியிருக்க வேண்டும். ஓடை ட்ரவுட் மீன் வாழும் ஓடையாக வகைப்படுத்தப்பட்டிருந்தால் அதை இயந்திரம் கடக்க மாநில அனுமதி வேண்டும். கரையோரம் நிழல் தரும் ஹெம்லாக் மரங்களை எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். ஊசியிலைகளின் அடியில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால், அது அடெல்ஜிட் என்ற பூச்சி, வனவியலாளரிடம் உடனே காட்டுங்கள், மருந்து கொடுத்துக் காப்பாற்ற முடியும். சுற்றிலும் எல்லாம் பட்ட பின்னும் பசுமையாக நிற்கும் ஓரிரு ஆஷ் இருந்தால் அவற்றையும் விட்டுவையுங்கள், எதிர்ப்பாற்றல் உள்ள விதைக்காக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட மரங்களைத் தேடுகிறார்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது இரண்டே தொலைபேசி அழைப்புகள்: வால்டன் கவுன்சிலுக்கு ஒன்று, உங்கள் கவுண்டிக்கான வேளாண்மைத் துறைச் சேவை மையத்துக்கு ஒன்று. போகும்போது பத்திர நகல், சொத்து வரி ரசீது, நிறுவனத்தின் பெயரில் நிலம் இருந்தால் அதன் ஆவணங்கள், ஓடையும் பழைய பாதைகளும் குறித்த ஒரு கைவரைபடம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சேவை மையத்தில் முதலில் பண்ணை எண் ஒன்று போட்டுத் தருவார்கள். அது இல்லாமல் ஈக்விப் விண்ணப்பம் நகராது.